ஹேண்டில்பார் ஆடுதா? மெக்கானிக்கிடம் போகும் முன் இதைப் பாருங்க

50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரைக் குறைத்ததும் பைக்கின் ஹேண்டில்பார் கிடுகிடுவென ஆடுகிறதா? உடனே டயரை மாற்றிவிட வேண்டாம்.

முதலில் காற்று. கையேட்டில் சொன்ன அளவு இருக்கிறதா, டயர் சீராகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டக் டக்' என்கிறதா? பெரும்பாலும் கோன் செட் லூஸாக இருக்கும். ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கி நின்றால் அது தேய்ந்துபோச்சு என்று அர்த்தம். டைட் வைத்தால் போதாது, மாற்றத்தான் வேண்டும். சக்கரத்தை இருபக்கமும் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

முன்பக்கம் எல்லாம் சரியா? பின்னால் கட்டிய கனமான பெட்டி, தேய்ந்த ஸ்விங் ஆர்ம் புஷ்கூட ஹேண்டிலை ஆட்டிவைக்கும்.

ஓடும்போதே ஆடினால் முன்பிரேக்கை வெடுக்கெனப் பிடிக்காதீர்கள். ஹேண்டிலை இறுக்கி மல்லுக்கட்டவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறைத்து ஓரங்கட்டுங்கள். ஆட்டம் தானாக நின்றாலும் காரணம் வண்டியிலேயேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ஹைவேயில் ஏறாதீங்க!