பேன் மருந்திட்ட பின்னர்

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல் என்பது நம் நாட்டு வழக்கு. சிறிய செய்தியைப் பெரிதாக்குவாரைக் குறித்து எழுந்த பழமொழி அது. ஆயினும், ஈர் பேனாவது மிகையுரையன்று, இயற்கை நிகழ்ச்சியேயாம். அதனை மறந்தோர்க்குத் தலையில் இட்ட மருந்து முழுப்பயன் தாராது.

பெண்பேன் தன் முட்டைகளை மயிரின் அடிப்பகுதியில், தோலுக்கு மிக அருகில், பசைபோன்ற பொருளால் ஒட்டிவைக்கும். அம்முட்டையே ஈர் எனப்படும். ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் ஈர் பொரித்துக் குஞ்சு வெளிவரும். அக்குஞ்சும் சற்றேறக்குறைய 10 நாள்களில் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். மருத்துவர் தரும் மருந்துகளுள் பெர்மெத்ரின் என்பது ஒன்று. அது பேனைக் கொல்லும். ஈர்கள் அனைத்தையும் கொல்லாது. ஆதலின், மருந்திட்ட அன்றே வேலை முடிந்தது என்று கருதலாகாது.

அம்மருந்தைக் குறித்த நேரம் தலையில் வைத்திருந்து, பின்பு தலையைக் குனிந்து, கண்களைத் துணியால் மூடிக்கொண்டு, தண்ணீரால் அலசுதல் வேண்டும். வெந்நீர் ஆகாது, அது மருந்தைத் தோலினுள் மிகுதியாக ஊறச் செய்யும். அடுத்த 2 நாள்கள் சீயக்காயோ ஷாம்புவோ தேய்த்தலும் கூடாது. மயிரில் எஞ்சி நிற்கும் மருந்து, புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளை ஒழிக்கத் துணைசெய்யும். தேய்த்துக் குளித்தால் அத்துணை நீங்கிவிடும் அன்றோ?

பின்னர், 2 அல்லது 3 நாள்களுக்கு ஒருமுறை கூந்தலை நனைத்து, சிறுசிறு கற்றைகளாகப் பிரித்து, பற்கள் நெருங்கிய பேன்சீப்பினால் அடிமுதல் நுனிவரை வாருதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தல் நன்று. இவ்வாறு 2 அல்லது 3 வாரங்கள் செய்க. பொரித்த குஞ்சுகள் முட்டையிடும் பருவம் எய்துமுன், ஏறத்தாழ 9-ஆம் நாளில், மருத்துவர் கூறியவாறு மீண்டும் மருந்திடுக. சீப்பையும் தலையணை உறையையும் நல்ல வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவுக. வீட்டிலுள்ளார் அனைவர் தலையையும் ஒரே நாளில் ஆராய்தல் இன்றியமையாதது.

மருந்திட்ட பின்னும் தலை சில நாள் அரிக்கலாம். பேன் கடித்ததனால் தோலில் உண்டான ஒவ்வாமையே அதற்குக் காரணம். அரிப்புக்கு அஞ்சி மருந்தை மேன்மேலும் இடுதல் தீது. மண்ணெண்ணெயோ பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியோ தலையில் தடவுதல் உயிருக்கே கேடு விளைக்கும்.

மாணவர்களே! பேன் பறப்பதுமன்று, தாவுவதுமன்று. தலையோடு தலை நெருங்கும்போது ஊர்ந்து செல்வது. நாள்தோறும் நீராடுவார் தலையிலும் அது வாழும். ஆகவே, பேன் பற்றுதல் தூய்மையின்மைக்கு அடையாளமன்று, நாணத்தக்க குற்றமுமன்று. நாணத்தால் மறைப்பவர் தலையில் பேன் பெருகும், பிறர்க்கும் பரவும். உடன்பயிலும் ஒருவர் தலையில் பேனைக் கண்டால், பலர் முன்னிலையில் நகையாடாது, தனியே அழைத்து மெல்லச் சொல்லுதலே நட்பிற்கு அழகு.