மீனுக்கு முன்னால் நுண்ணுயிர்

மீன் தொட்டியையும் கீரைப் பாத்தியையும் ஒரே தண்ணீரில் இணைக்கும் அக்வாபோனிக்ஸ் பற்றிப் பேச்செடுத்தால், முதல் கேள்வி "என்ன மீன் விடலாம்?" என்பதுதான். கெண்டை விடலாம், மீன் சாப்பிடாத வீடென்றால் தங்கமீனும் விடலாம். ஆனால் அதற்கு முன்பே வளர்க்க வேண்டிய உயிர் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. தேங்கினால் மீனுக்கே நஞ்சு. பாத்தியில் பரப்பிய ஜல்லியில் ஒட்டி வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே கீரையின் வேருக்கு நல்ல உணவாகிறது. இந்த இரு கூட்டமும் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் குறைவாக இருக்கட்டும், தீனி அதைவிடக் குறைவாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் இந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஓரிரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுங்கள். அவசரப்பட்டு முதல் நாளே தொட்டியை மீனால் நிறைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்த முயற்சி தொடக்கத்திலேயே முறியக் காரணம் என்பேன்.

எவ்வளவு மீனுக்கு எவ்வளவு செடி என்பதைக் கணக்காக்கித் தந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ரக்கோசி. கரீபியக் கடலில் நன்னீர் அரிதான செயின்ட் குரோய் தீவில், வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில், திலாப்பியா மீனோடு துளசி வகைகளும் லெட்டூஸும் வளர்த்தார். அங்கே மொத்தத் தண்ணீரில் நாளொன்றுக்குச் சுமார் 1.5 சதவீதம் மட்டுமே புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் மீனை எண்ணவில்லை, தீனியை நிறுத்தார். ஒரு சதுர மீட்டர் செடிக்கு நாளுக்கு 60 முதல் 100 கிராம் தீனி என்பது அவர் மிதவைப் பாத்திகளின் அளவு. வீட்டில் கீரைக்கு 40, 50 கிராம் போதும்.

ஆக, செடிக்குப் போகும் சத்தெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கும் மீன் தீனிதான். "உரமே வேண்டாம்" என்ற விளம்பரம் இதை மறைக்கிறது. அந்தத் தீனியிலும் இரும்புச்சத்து போதாது. இளந்தளிரில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சள் படர்ந்தால் செடிக்கு இரும்பு தேவை என்று பொருள். கடையில் கிடைக்கும் கீலேட் இரும்பைக் கொஞ்சம் கரைத்து விடலாம்.

மொட்டைமாடியில் வைப்பவர்கள் எடையைக் கவனியுங்கள். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன்; ஜல்லியின் எடை தனி. தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டுத் தொட்டி வாங்குங்கள். கூடவே பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றும் வாங்கி வையுங்கள். கோடையில் தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் மீன் நெடுநேரம் தாங்காது.