தொட்டுப் பிடித்த கை

தொழுநோயாளியை இயேசு தொட்டுக் குணமாக்கினார் என்கிறது சுவிசேஷம். சொல்லாலேயே நோய் தீர்க்க வல்லவர் தொடுவானேன்? ஊரார் தொட அஞ்சியவனுக்கு அதுதான் முதல் மருந்து என்பேன்.

இந்த விசுவாசத்தில் வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதியரின் மகனாய்ப் பிறந்தவர். 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் கையை நீட்டி, இறுகப் பிடிக்கச் சொன்னார். என்ன வியப்பு! அந்தப் பிடியில் டாக்டருக்கே வலித்தது. பயனற்றதென்று கைவிட்ட கையில் நல்ல தசைகள் மிஞ்சியிருந்தன! பின்னர் வேலூரில் அவற்றின் தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை இயங்கச் செய்தார்.

விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்ற எண்ணத்தையும் அவர் தகர்த்தார். நரம்பு கெட்டால் வலி தெரியாது; வலி தெரியாதவர் சுடுபாத்திரத்தை எடுப்பார், புண்ணோடு உழைப்பார். விரலைத் தின்பது அந்த உணராத காயமே. (ஆய்வுக்கூடத்தில் அமிலம் பட்டுத் துள்ளும் நாம் வலியை வாழ்த்தத்தான் வேண்டும்!)

கை சீரானவர்களோ திரும்பி வந்தார்கள். விரல் நிமிர்ந்ததால் பிச்சை குறைந்தது. நோயின் வடு இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. பிராண்ட் கல்லூரி வளாகத்திலேயே அவர்களுக்குக் குடிசைகள் அமைத்து, தச்சுவேலை கற்பிக்க ஏற்பாடு செய்தார்.