‘படிக்கும் பள்ளி’: அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

ஓவியப் போட்டிக்கான விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் ‘படிக்கும் பள்ளி’ என்று இருக்கிறது. பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கும் அம்மாவின் பேனா அங்கே நின்றுவிடுகிறது. கோடு இழுத்தால் விண்ணப்பம் திரும்பிவரும். ‘வீடு’ என்று எழுதினால் வாங்குகிறவர் ஏற இறங்கப் பார்ப்பார். இலவசப் பேருந்து அட்டை, பள்ளிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி, பள்ளிக்கே வந்து நடத்தும் கண் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நுழைவாயில் அந்த ஒரு கட்டம்தான்.

பெருநகரங்களில் ‘ஹோம்ஸ்கூலிங்’ என்ற சொல் இப்போது பழகிவிட்டது. மதிப்பெண் ஓட்டம் பிடிக்காதவர்கள், பள்ளியில் அடிபட்டும் கேலிபட்டும் ஒடுங்கிப்போன பிள்ளைகளின் பெற்றோர், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சேர்க்கை கேட்டு நான்கு பள்ளி ஏறி இறங்கி ஓய்ந்தவர்கள் என்று பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். விரும்பி வந்தவர்களையும் வேறு வழியில்லாமல் வந்தவர்களையும் ஒரே கூடையில் போட முடியாது. அரசின் ஏடுகளிலோ இருவருமே இல்லை. அங்கே அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே பெயர், ‘பள்ளி செல்லாக் குழந்தை’.

சட்டம் என்னதான் சொல்கிறது? 2002இல் வந்த 86வது அரசியல் சட்டத் திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் கடமை என்றும் சேர்த்தது. கவனியுங்கள், ‘கல்வி பெறும் வாய்ப்பு’ என்றுதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்று இல்லை. ஆனால் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10வது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதே பெற்றோரின் கடமை என்று சுருக்கிவிட்டது. சேர்க்காவிட்டால் என்ன தண்டனை? ஒன்றும் இல்லை. ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கு அதே சட்டத்தின் 8வது பிரிவு விளக்கம் தருகிறது; அது அரசின் தலையில் விழும் பொறுப்பைத்தான் பேசுகிறது. ஆக, வீட்டுக் கல்வி குற்றமும் அல்ல, அனுமதிக்கப்பட்டதும் அல்ல.

இந்தக் குழப்பம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. வீட்டுக் கல்விக்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்ற பொருளில் 2012இல் மத்திய அரசு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெற்றோர் மூச்சுவிட்டார்கள். பிறகு அதை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்று தொங்கியது இன்றும் தொங்குகிறது.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் கணக்கும் ஒருவர் அறிவியலும் சொல்லித்தரலாம் என்றால் அங்கே வேறொரு பயம். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் என்கிறது 18வது பிரிவு. மொட்டைமாடியில் எட்டுப் பிள்ளைகள் கூடிப் படிப்பது எப்போது பள்ளி ஆகிறது? பதில் சொல்ல யாருமில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, அரசின் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விட்டால் அது அழுகுணி ஆட்டம். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே பலர் போராட வேண்டியிருந்த மண் இது. பிள்ளைகளை உள்ளே கொண்டுவர மதிய உணவு போட்டோம், சத்துணவு போட்டோம், சீருடையும் சைக்கிளும் கொடுத்தோம், 2022 முதல் காலை உணவும் கொடுக்கிறோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் நான்கு நாள் விடுபட்டால் ஆசிரியர் வீடு தேடிப் போகிறார். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பதும், பையனைத் தறியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதும் பல நேரம் அப்படித்தான் வெளியே வருகின்றன. ‘நாங்க வீட்லயே படிக்க வைக்கிறோம் சார்’ என்ற ஒரு வரி சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டால், அதை முதலில் சொல்லப்போவது அடையாறு அப்பார்ட்மென்ட்வாசி அல்ல.

2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்கிறது அது. பள்ளி நேரம் என்ற ஒன்றே இல்லாத பிள்ளைக்கு மீதி நேரம் எது?

இந்தக் கவலை நம்முடையது மட்டுமில்லை. இங்கிலாந்தில் பள்ளியிலோ வேறு வகையிலோ கற்பிக்கலாம் என்று 1996 சட்டம் தாராளமாக விட்டிருந்தது. 2023இல் வோக்கிங் நகரில், வீட்டிலேயே படிக்கவைக்கப்போவதாகச் சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பத்து வயதுச் சிறுமி பெற்றவனாலும் சிற்றன்னையாலும் கொல்லப்பட்டாள். நாடே பதறியது. பள்ளி செல்லாத பிள்ளைகளுக்குக் கட்டாயப் பதிவேடு கொண்டுவரும் மசோதா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நேர்மையாகப் பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் தங்களைக் குற்றவாளிபோல் பார்ப்பதாகக் கொதித்தன. சிங்கப்பூர் வேறு மாதிரி. 2003 முதல் கட்டாயக் கல்வி. வீட்டில் கற்பிக்க விலக்கு வாங்க வேண்டும், பாடத்திட்டத்தைக் காட்ட வேண்டும், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மதிப்பெண் எடுத்தாக வேண்டும். ஜெர்மனியில் கதவே மூடியிருக்கிறது. அதை எதிர்த்த ஒரு குடும்பத்தின் வழக்கில் 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது.

நமக்கு இவற்றில் எதையும் அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. வழி நம் கையிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான மாற்றுத்திறனோ பல வகை மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். தேவைப்பட்டால் இயன்முறைச் சிகிச்சையும் கிடைக்கும். பயிற்றுநர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்து அலைக்கழிக்கிறார்கள் என்பது தனிக் கதை. ஆனால் ‘பெயர் பள்ளியில், படிப்பு வீட்டில்’ என்பதைச் சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் அதே ஏற்பாட்டைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

அதாவது, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவு, பிள்ளைக்குக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண், பக்கத்து அரசுப் பள்ளியோடு ஓர் இணைப்பு. அந்தப் பள்ளியின் ஆய்வகமும் விளையாட்டுத் திடலும் உடல்நலப் பரிசோதனையும் இந்தப் பிள்ளைக்கும் உண்டு. பதிலுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஆசிரியர் ஒருவர் பிள்ளையைச் சந்தித்துப் பேச வேண்டும். பெற்றோரை அல்ல, பிள்ளையை. என்ன படித்தாய், யாரோடு விளையாடுகிறாய் என்று கேட்டு, நோட்டையும் வரைந்த படத்தையும் புரட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும், இங்கே கல்வி நடக்கிறதா, கல்லாப்பெட்டியில் ஆள் உட்கார்ந்திருக்கிறதா என்று. தேர்வு வைப்பதைவிட இது நல்லது என்பேன். பத்து வயதில் தேர்வு என்றால் அதற்கும் ஒரு டியூஷன் சென்டர் முளைத்துவிடும்.

பதிவு மட்டும் கேட்டுவிட்டுக் கையில் எதுவும் கொடுக்காவிட்டால் குடும்பங்கள் இன்னும் ஒளிந்துகொள்ளும். கொடுப்பதிலும் நம்பகம் வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் பலர் நம்புவது தேசிய திறந்தநிலைப் பள்ளியை. ஐந்து ஆண்டு அவகாசம், பிள்ளையின் வேகத்துக்கு ஏற்பப் பாடம் பாடமாக எழுதலாம். அதில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்று 2018இல் விதி கொண்டுவந்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதை ரத்து செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2024இல். ஆறு ஆண்டு என்பது ஒரு மாணவனின் பிளஸ் டூவும் பட்டப்படிப்பும் முடிந்துவிடும் காலம்.

அந்த ஏற்பாடெல்லாம் வரும்வரை, இந்தப் பாதையில் இருக்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்த யாரும் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். ஒருகாலத்தில் லாரி ஓட்டுநர் உரிமத்துக்காக எழுதியவர்கள் உண்டு; 2019இல் அந்தத் தகுதி விதி நீங்கிவிட்டது. தேர்வு மட்டும் இருக்கிறது. அதில் தேறி, பதினான்கரை வயதும் முடிந்துவிட்டால் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராகவே எழுதலாம். இடையில் பிள்ளை பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தின் 4வது பிரிவு இருக்கிறது. டிசி இல்லை என்று அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக வையுங்கள். கோடை விடுமுறையில் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் படியேறி வந்தால் பிள்ளையை உள்அறைக்கு அனுப்பாதீர்கள். கூப்பிட்டு உட்கார வையுங்கள், மோர் கொடுங்கள், நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.