கிணற்றில் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது: மண் மாசைத் தடுப்பது ஏன் கடினம்?

சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தபோதுதான் பிரச்சினை வெளியில் தெரிந்தது. அங்கு இயங்கிய அனல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அது முக்கியமான வெற்றி.

ஆனால் அந்த வழக்கு கிணறுகளைப் பற்றியது. கிணற்றை அடையும் முன் எண்ணெய் மண்ணுக்குள்தான் இறங்கியிருக்கும். மண் கெடத் தொடங்கிய நாளை யாரும் அறியவில்லை. நாடு முழுவதும் மண் மாசைக் கையாள்வதில் உள்ள முதல் சிக்கல் இதுதான். புகை கண்ணில் படும், குப்பை நாறும். மண்ணோ நஞ்சை அமைதியாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல், பொறுப்பாளி ஒருவர் அல்லர் என்பது. வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுக்கு மேல் இடும் யூரியாவும், மலசலகூடக் குழிகளின் கழிவும் நைத்திரேற்றாக மாறி மழையோடு கீழே இறங்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. யாழ்ப்பாணத்தின் பல கிணறுகளில் அதைவிடக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். இங்கே யார்மீது வழக்குப் போடுவது? தோட்டங்களும் குழிகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன.

மூன்றாவது, அதிகாரம் சிதறிக் கிடப்பது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் மண்ணை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. தொழிற்சாலைக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது ஓரிடம், பசளையைப் பார்ப்பது இன்னோரிடம், குடிநீருக்கு ஒரு சபை, குப்பைக்குப் பிரதேச சபை. மண்ணை முழுமையாகப் பார்க்கும் கண் எதுவும் இல்லை.

அவசரத் தடை இதற்குத் தீர்வாகாது என்பதை 2021 காட்டியது. மண்ணையும் உடல்நலத்தையும் காக்கவென்று அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. மாற்றுப் பசளை போதியளவு இல்லை, பழகிக்கொள்ள அவகாசமும் இல்லை. விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடை கைவிடப்பட்டது. எந்த வயலுக்கு எவ்வளவு பசளை தேவை என்று அளந்து படிப்படியாகக் குறைத்திருந்தால், மண்ணும் பிழைத்திருக்கும், கமக்காரரும் கடன்பட்டிருக்கமாட்டார்.

போர் நடந்த இடங்களில் இன்னொரு கேள்வியும் உண்டு. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்றால் வெடிபொருள் தேடி எடுக்கப்பட்டது என்றே பொருள். முகாம்களும் எரிபொருள் களஞ்சியங்களும் வாகனத் திருத்தகங்களும் இருந்த நிலத்தில் எண்ணெயோ ஈயம் போன்ற உலோகமோ தங்கியுள்ளதா என்பது வேறு பரிசோதனை. ஈயம் மக்கிப் போகாது. பல வருடம் காத்திருந்து காணி திரும்பப் பெற்றவர் முதலில் செய்வது கிணறு இறைப்பதும் கீரை போடுவதும்தான். அந்தப் பரிசோதனையின் செலவை அவர்தலையில் கட்டுவது நியாயமல்ல. காணியைக் கையளிப்பவர்களே மண் அறிக்கையையும் சேர்த்துக் கையளிக்க வேண்டும்.

நாம் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. பசளை இடுமுன் விவசாயத் திணைக்களத்தின் மண் பரிசோதனையைக் கேளுங்கள். மாரிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரின் நைத்திரேற்றைப் பாருங்கள். மலக்குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமையுங்கள். முடிவுகளைத் திகதியோடு எழுதி வையுங்கள். நாளை நட்டஈடு கேட்க நேர்ந்தால், மண் எப்போது நன்றாக இருந்தது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.