சிறகொடிந்த புறாவுக்கு ஒரு கூடு



மாரி பிறந்ததும் கண்டாவளையின் வயல்வெளிகள் பச்சை போர்த்துக்கொள்கின்றன. இரணைமடுவிலிருந்து கனகராயன் ஆறு சுமந்துவரும் நீர் இப்பகுதியைக் கடந்து சுண்டிக்குளம் கடனீரேரியைச் சென்றடைகின்றது. 1938ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகவும், 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது. அங்கு வாழும் நம் மக்கள் பறவைகளுக்கு அயலவர்கள்.

அத்தகைய ஊரொன்றில், பாடசாலை முடிந்து வரும் உங்கள் பிள்ளை, நாய் கவ்விச் சிறகொடிந்த புறா ஒன்றைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்து முற்றத்தில் நிற்கின்றான் என வைத்துக்கொள்வோம். "அம்மா, இதை நாங்கள் வளர்ப்போமா?" எனக் கேட்கின்றான். என்ன பதில் சொல்வீர்கள்? "எங்கள் சீவியமே பெரும்பாடு, இதுவும் ஒரு பாரமா?" என்பீர்களா? "கறிக்கு ஆகும்" என்பீர்களா? கேள்வி சிறியதுதான். ஆனால், பெலவீனமான ஓர் உயிரை என்ன செய்ய வேண்டும் என்பதை அப்பிள்ளை உங்கள் பதிலிலிருந்தே கற்றுக்கொள்ளப் போகின்றான்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசைப் பற்றி 14ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கதைகளுள் ஒன்று இக்கேள்விக்கு அருகில் வருகின்றது. காட்டுப் புறாக்களைப் பிடித்து விற்பதற்காகச் சந்தைக்குக் கொண்டுசென்றான் ஓர் இளைஞன். வழியில் எதிர்ப்பட்ட புனிதர் அவற்றைத் தமக்குத் தருமாறு வேண்டிப் பெற்றுக்கொண்டார். வாங்கிய கையோடு வானில் பறக்க விட்டுத் தம் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்று, அவற்றுக்குக் கூடுகள் அமைத்துக் கொடுத்தார். அவை அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, துறவிகளோடு பழகி வாழ்ந்தன என்கின்றது அக்கதை. புறாக்களைக் கொடுத்த இளைஞனும் பின்னாளில் அத்துறவற சபையிலேயே சேர்ந்தான். ஒரு கூட்டுப் பறவைகள் காப்பாற்றப்பட்டபோது ஒரு மனிதனும் வழி கண்டுகொண்டான்.

அன்பார்ந்தவர்களே, திருவிவிலியத்தில் புறா என்றதும் நோவாவின் பேழைக்கு ஒலிவ இலையுடன் திரும்பிய புறாவே நம் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்னர் அது வெறுமையாகத் திரும்பிவந்த ஒரு நாள் உண்டு. எங்கும் வெள்ளம், கால் ஊன்ற ஓர் இடமில்லை. களைத்து வந்த அப்பறவையை நோவா கையை நீட்டிப் பிடித்துப் பேழைக்குள் சேர்த்துக்கொண்டார் (தொநூ 8:9). ஒலிவ இலையைச் சுமந்து வருவதற்கு முன்னரே, எதுவும் கொண்டுவராத நிலையிலேயே, அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கால் ஊன்ற இடமின்றி அலைவது எத்தகையது என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் வீடு, வயல், ஆடு, மாடு அனைத்தையும் விட்டு நடந்தவர்கள் அவர்கள். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கண்டாவளைப் பிரதேச மக்கள் மீண்டும் வீடுகளை விட்டுப் பொது மண்டபங்களில் தங்க நேர்ந்தது. அவ்வேளைகளில் எவரோ ஒருவர் கையை நீட்டி உள்ளே சேர்த்துக்கொண்டதனால் நம்மில் பலர் இன்று உயிரோடிருக்கின்றோம்.

புறா ஏழைகளின் காணிக்கையும்கூட. ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்றவர்கள் இரண்டு மாடப்புறாக்களையாவது புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம் என்பது மோசேயின் சட்டம் (லேவி 12:8). குழந்தை இயேசுவைக் கோவிலில் அர்ப்பணித்த நாளில் அன்னை மரியாவும் சூசையப்பரும் அச்சட்டத்தின்படியே செய்தார்கள் (லூக் 2:24). நம் ஆண்டவரின் குடும்பம் எத்துணை ஏழ்மையானது என்பதற்கு அப்பறவைகளே சாட்சி.

2014ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் உரோமையில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பாருங்கள். உக்ரைன் நாட்டின் அமைதிக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் வேண்டுகோள் விடுத்த பின்னர், அவரருகே நின்ற சிறுவர் இருவர் சாளரத்திலிருந்து இரண்டு வெண்புறாக்களைப் பறக்கவிட்டனர். மறுகணமே ஒரு கடற்பறவையும் ஒரு காகமும் பாய்ந்து அவற்றைத் தாக்கின. கூடியிருந்தோர் திகைத்துப்போயினர். மறு ஆண்டு அங்கே பறவைகளுக்குப் பதிலாகப் பலூன்களே விடப்பட்டன. மனிதர் கையில் வளர்ந்த வெண்புறா வெளியுலகில் தன்னைக் காத்துக்கொள்ள அறியாது. பறக்கவிடுவது ஒரு கணத்தின் செயல். பராமரிப்பது பல ஆண்டுகளின் செயல். சமாதானமும் அத்தகையதே.

ஆகவே, வீட்டுக்கு வந்த புறாவை எவ்வாறு காப்பது? முதலில் காற்றுத் துளையிட்ட மட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருளான, சந்தடியற்ற இடத்தில் வையுங்கள். அலகைத் திறந்து நீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். புறா அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும் இயல்புடையது. சிறு கிண்ணம் போதும். சோளம், பயறு, குரக்கன், நெல் ஆகியவற்றோடு, தானியத்தை அரைப்பதற்கு உதவும் சிறு கற்களும் வேண்டும். நாயோ பூனையோ கடித்த காயம் விரைவில் சீழ்ப்பிடிக்குமாதலால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கூட்டை நாள்தோறும் துப்புரவாக்கிக் கைகளைக் கழுவுங்கள். காட்டுப் பறவையாயின் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இறகு மட்டும் உதிர்ந்திருந்தால் அது மீண்டும் முளைக்கும், குணமானதும் விட்டுவிடலாம். எலும்பு முறிந்து இனிப் பறக்கவே முடியாதென்றால், உங்கள் வீட்டுக் கூடுதான் அதன் வானம்.

"மனிதர் பசித்திருக்கையில் பறவைக்குத் தீனியா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. விலங்குகளைத் தேவையின்றி வதைப்பது மனித மாண்புக்கு முரணானது என்று அது கற்பிக்கின்றது; மனிதரின் துயர்தீர்க்க முதலில் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் அதே இடத்தில் எச்சரிக்கின்றது. ஒரு கைப்பிடித் தானியம் எந்த ஏழையின் பங்கையும் பறிப்பதில்லை. ஆனால், புறாவுக்குக் கூடு கட்டிவிட்டு அயல்வீட்டு விதவையின் படலையைத் திறக்காதவரின் இரக்கம் அரைகுறையானது.

ஏனெனில், சிறகொடிந்தவை பறவைகள் மட்டுமல்ல. போரில் காலை இழந்தவர்கள், எறிகணைச் சிதறலை இன்னும் உடலில் சுமப்பவர்கள், வீட்டுக்கு வெளியே வராத முதியவர்கள் நம் பங்குகளில் வாழ்கின்றார்கள். 'குணமானால் வரட்டும், பயன்பட்டால் பார்ப்போம்' என்று அவர்களிடம் நாம் நிபந்தனை விதிக்கின்றோமா? இனிப் பறக்காது எனத் தெரிந்தும் ஒரு புறாவைப் பேணும் குடும்பம், பயன் எதிர்பாராத அன்பைத் தன் பிள்ளைகளுக்குப் பழக்குகின்றது.

இரண்டு காசுக்கு ஐந்து சிட்டுக்குருவிகள் விற்கப்பட்ட காலத்தில், அவற்றுள் ஒன்றையேனும் கடவுள் மறப்பதில்லை என்றார் ஆண்டவர் இயேசு (லூக் 12:6). கடவுள் மறவாதவர்களை நாமும் மறவாதிருப்போம். இவ்வாரம் உங்கள் ஊரில் கால் ஊன்ற இடமின்றி நிற்கும் ஒருவரையேனும் தேடிச் செல்லுங்கள். அவர் ஒலிவ இலையைக் கொண்டுவரும்வரை காத்திராதீர்கள். முதலில் உங்கள் கையை நீட்டுங்கள்.