அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல்

சமுத்திரம் முழுவதும் நீராவிக் கப்பலுக்கே சொந்தமாகிவிட்டதென்று உலகம் நம்பியிருந்த 1930ஆம் ஆண்டிலே, காற்றையும் கைவன்மையையும் மட்டுமே நம்பி யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கரையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் கப்பலின் சரித்திரம், மலாயாவின் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் வந்திறங்கி பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தாரின் சந்ததியார் அவசியம் அறியத்தக்கது.

89 அடி நீளமும் 19 அடி அகலமும் கொண்ட அக்கப்பலுக்கு வேப்பமரமே தேகம். பலகைகளின் இடுக்குகளில் நாரைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசும் கலப்பற்று வேலை ஒழுங்காக அமைந்தாலன்றி, எவ்வளவு உறுதியான மரமும் கடலில் நிலைக்காது. கப்பல் கட்டும் தச்சனாகிய ஓடாவியின் சாமர்த்தியத்தை அளக்கும் இடம் அதுவே.

இரு பாய்மரங்களுள் முன்மரத்தில் பருமல் என்னும் குறுக்குக் கழிகளைக் கட்டிச் சதுரப் பாய்களையும், பின்மரத்தில் நீளவாக்கில் விரியும் பாயையும் ஏற்றியிருந்தார்கள். பின்னிருந்து வீசும் காற்றைச் சதுரப் பாய் முழுவதுமாக வாங்கிக்கொள்ளும். பக்கக் காற்றிலும், ஓரளவு எதிர்க்காற்றிலும் வளைந்து முன்னேறுவதற்கு நீளப் பாய் உதவும். வாடையும் சோளகமும் மாறி மாறி வீசும் நம் கடல்களில் சொற்ப ஆட்களைக்கொண்டு சரக்கேற்றிப் பிழைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது என்பதே என் அபிப்பிராயம்.

சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இக்கப்பலில் மனத்தைப் பறிகொடுத்து, அதை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் நாமத்தால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயரிட்டார். தம்பிப்பிள்ளை என்னும் தண்டயலும் (கப்பல் தலைவர்) வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதனைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாகச் செலுத்தி, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாகாணத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பெரிய கடலோடிகளை ஈன்ற அவ்வூர் மக்கள் அந்தக் கப்பலைக் கண்டு வியந்தது நியாயமே.

பழங்கப்பலைப் பேணுவதில் பிறர் காட்டும் அக்கறையைப் பாருங்கள்: 1911இல் ஹாம்பர்க்கில் விளக்குக் கப்பலாகப் பிறந்த ‘யூரோப்பா’வை 1994இல் மூன்று பாய்மரக் கப்பலாக மாற்றி, இன்றும் ஒல்லாந்தர் ஓட்டிவருகிறார்கள். நம்மிடமோ ஓடாவியின் கணக்கும் தண்டயலின் சொற்களும் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வல்வெட்டித்துறை வழிவந்த பெரியவர் இருக்கும் வீட்டார், அவர் சொல்லும் கப்பற் செய்திகளைத் தயைகூர்ந்து உடனே எழுதிவைக்க வேண்டும்.